வான்கோவின் ஆசிரியர் ஆன்டன் மோவ்: மூன்று வார வகுப்பும் ஒரு சாம்பல் நிறமும்

கேள்வி: வான்கோவின் வாழ்க்கை வரலாற்றில் ஆன்டன் மோவ் என்ற டச்சு ஓவியர் சில பக்கங்களுக்கு வருகிறார், சண்டை போடுகிறார், மறைந்துவிடுகிறார். அவர் உண்மையிலேயே வான்கோவுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தாரா? ஓவியராக அவர் தரம் என்ன?

கற்றுக்கொடுத்தார். அதுவும் மிக அடிப்படையானதை: தூரிகையை, வண்ணத்தட்டை, எண்ணெய் வண்ணத்தை முறையாகக் கையாளும் விதத்தை. என் கணிப்பில் மோவ் மூன்று வாரம் அருமையான ஆசிரியராக இருந்தார், அதன்பின் சில மாதங்கள் மோசமான ஆசிரியராக இருந்தார். ஓவியராக அவரை எடைபோட வான்கோவின் பெயரே தேவையில்லை. ஆனால் எல்லோரும் அவரைச் சண்டையிலிருந்து படிக்கத் தொடங்குவதால், எதற்கும் எரிந்துவிழும் ஒரு வாத்தியார் மட்டுமே மனதில் நிற்கிறார். அவருடைய படங்களிலிருந்து தொடங்கினால் சண்டையும் கொஞ்சம் புரியும்.

மோவ் 1838 செப்டம்பர் 18-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள ஸாண்டாமில் பிறந்தார், வளர்ந்தது ஹார்லெமில். தந்தை மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகர். மகன் ஓவியனாவதில் வீட்டாருக்கு விருப்பமில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனாலும் பதினாறு வயதில் பீட்டர் ஃபிரடெரிக் வான் ஓஸ் என்ற கால்நடை ஓவியரிடம் சேர்த்துவிட்டார்கள். பிறகு குதிரைகளை வரைவதில் பெயர்பெற்ற வவுட்டர் வெர்ஸ்கூரிடம் சிறிது காலம் பயிற்சி. அந்தக் காலத்து டச்சுக் கால்நடைப் படங்களில் பசுவின் ஒவ்வொரு மயிரும் சீவிவிட்டதுபோல் இருக்கும், வானம் பளிங்குபோல் இருக்கும். மோவ் கற்றது அந்த வழியைத்தான். அதிலிருந்து அவர் விலகிய இடம் ஓஸ்டர்பேக்.

ஆர்னெம் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்பேக்கில் காடு, ஓடை, மணல்மேடு எல்லாம் உண்டு. ஓவியர்கள் கூடாரமடித்து வெளியில் உட்கார்ந்து வரையும் ஊராக அது 1850-களில் மாறியிருந்தது. பிரான்சில் பார்பிசோன் கிராமம் எப்படியோ அப்படி. மோவ் முதன்முதலில் அங்கே போனது 1858-இல். அங்கேதான் வில்லெம் மாரிஸும் கெரார்ட் பில்டர்ஸும் நண்பர்களானார்கள். இந்தப் பில்டர்ஸ் 26 வயதில் காசநோயில் இறந்துபோனார். ஆனால் அதற்கு முன், 1860-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தான் தேடுவது 'வண்ணமுள்ள சாம்பல்' என்று எழுதிவைத்தார். எல்லா நிறங்களும், எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும், ஒன்றோடொன்று இணங்கி, மணம் வீசும் ஓர் இளஞ்சூட்டுச் சாம்பலாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் பொருள். அவருக்கு அதைச் செய்துகாட்ட ஆயுள் கிடைக்கவில்லை. செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் மோவ்.

சாம்பல் என்றதும் சோகமான, அழுக்கான படம் என்று நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்தின் கரையோரத்தில் காற்று எப்போதும் ஈரம் சுமந்தது. கடலிலிருந்தும் கால்வாய்களிலிருந்தும் எழும் ஈரம் வெளிச்சத்தை வடிகட்டிவிடும். நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. தூரத்துப் பச்சை, அருகிலிருக்கும் பச்சையைவிட நீலமாக அல்ல, வெள்ளியாகத் தெரியும். மோவ் அதைத்தான் வரைந்தார். அவருடைய சாம்பலை அருகில் போய்ப் பார்த்தால் இளஞ்சிவப்பு, காவி, ஆலிவ், மங்கிய நீலம் எல்லாம் தனித்தனித் தீற்றல்களாகக் கிடக்கும். நாலடி பின்னால் வந்தால் ஒரே காற்றாகிவிடும். நல்ல அச்சிலும் கணினித் திரையிலும் இது பாதிக்கு மேல் செத்துப்போகிறது. அவர் புகழ் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். வான்கோவின் மஞ்சள் தேநீர்க் கோப்பையில் அச்சிட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஹேக் நகரில் குடியேறியபின் மோவ், யோசெஃப் இஸ்ரயேல்ஸ், ஹெண்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக், மாரிஸ் சகோதரர்கள், வைசன்ப்ருக் ஆகியோர் அடங்கிய குழுவின் மையத்துக்கு வந்தார். 1875-இல் ஒரு விமர்சகர் இவர்களுக்கு 'ஹேக் பள்ளி' என்று பெயர் வைத்தார். பள்ளி என்றாலும் கட்டடமோ பாடத்திட்டமோ கிடையாது. மீனவர், உழவர், மாடு, ஆடு, மேகம், சேறு ஆகியவற்றை அலங்காரமின்றி வரைபவர்கள், அவ்வளவே. 1876-இல் மோவ், மெஸ்டாக் போன்றோர் சேர்ந்து நீர்வண்ண ஓவியங்களுக்கென்று டச்சு ஓவியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவரை நீர்வண்ணப் படம் என்பது எண்ணெய் ஓவியத்துக்கு முன்னோட்டம் என்ற அளவில்தான் மதிக்கப்பட்டது. இவர்கள் அதை முழுமையான, விற்கக்கூடிய படைப்பாக்கினார்கள். பிரிட்டனில் நன்றாக விலைபோனது. மோவின் கை நீர்வண்ணத்தில்தான் மிகவும் விடுதலையாக இருக்கும் என்பது என் கருத்து.

இனி வான்கோ.

மோவ் 1874-இல் மணந்த யெட் கார்பென்டஸ், வான்கோவின் தாய்வழிச் சொந்தம். எனவே ஹேக்கிலிருந்த இந்தப் புகழ்பெற்ற ஓவியர், வின்சென்ட் வான்கோவுக்கு உறவினர். கலைப்பொருள் விற்பனை, பள்ளி ஆசிரியர் வேலை, சுரங்கப் பகுதியில் மதப் பிரசாரம் என்று எல்லாவற்றிலும் தோற்று, 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவுசெய்த இந்த இளைஞர், 1881 ஆகஸ்டில் தன் கோட்டோவியங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மோவிடம் போனார். மோவ் நிராகரிக்கவில்லை. பேனாவையும் பென்சிலையும் மட்டும் நம்பியிராமல் கரிக்கோல், சாக், தூரிகை ஆகியவற்றிலும் முயன்று பார் என்றார். அந்த ஒற்றைச் சந்திப்பின் விளைவை பெற்றோர் வீடு இருந்த எட்டன் கிராமத்தில் வின்சென்ட் வரைந்த அடுத்த சில மாதப் படங்களில் காணலாம்; கோடுகள் தடித்து, உருவங்களுக்கு எடை வந்திருக்கும்.

நவம்பர் கடைசியில், ஆம்ஸ்டர்டாமில் காதல் ஒன்று கசந்துபோன கையோடு, வின்சென்ட் மறுபடியும் வந்து நின்றார். இந்த முறை சுமார் மூன்று வாரம் தங்கினார். மோவ் தன் ஓவியக்கூடத்தில் பழைய மரக்காலணிகளையும் வேறு சில பொருள்களையும் வைத்து, இதை வரை என்றார். வண்ணத்தட்டை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கினார். முட்டைக்கோசும் மரக்காலணிகளும் இருக்கும் ஒரு சிறிய எண்ணெய் ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வான்கோவின் எண்ணெய் ஓவிய வாழ்க்கை ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. அடக்கமான பழுப்பு, ஈரமான பச்சை, ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம். பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டால் பார்ப்பவர் வான்கோ என்று சொல்லவே மாட்டார்.

இந்த மூன்று வாரங்களில் மோவ் செய்த மற்றொரு காரியம், மாணவனிடம் நேர்மையாகப் பேசியது. உன்னை ஒரு மடையன் என்றுதான் நினைத்திருந்தேன், அப்படியில்லை என்று இப்போது தெரிகிறது என்ற பொருளில் அவர் சொன்னதை வின்சென்ட் மகிழ்ச்சியோடு தம்பி தியோவுக்கு எழுதினார். எந்த வேலையும் சரிப்படவில்லை என்று குடும்பமே கைவிட்ட ஒருவனுக்கு, நாடறிந்த ஓவியர் ஒருவர் இப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய சொத்து! வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. வண்ணங்கள், தூரிகைகள், வண்ணத்தட்டு, கத்தி, எண்ணெய், டர்பன்டைன் எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றை அனுப்பினார். கிறிஸ்துமஸின்போது தந்தையோடு சண்டையிட்டு வின்சென்ட் வீட்டைவிட்டு வெளியேறி ஹேக்குக்கே வந்தபோது, குடியேறத் தேவையான பொருள்கள் வாங்க 100 கில்டர் கடன் கொடுத்தார். புல்க்ரி ஸ்டுடியோ என்ற ஓவியர் சங்கத்தில் உறுப்பினராக்கினார். அங்கே மாடல்களை வைத்து மாலை நேரங்களில் வரையலாம், மற்ற ஓவியர்களைச் சந்திக்கலாம். நீர்வண்ணத்தில் வின்சென்ட் தடுமாறியபோது, தூரிகை வசப்படுவதற்குள் பத்துப் படமாவது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். கற்பிப்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு தெரியும். தோல்வியைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மாணவன் ஒன்பதாவது படத்தில் ஓடிப்போக மாட்டான்.

பிறகு என்ன ஆயிற்று? ஜனவரி கடந்ததுமே மோவின் போக்கு மாறியது. ஒரு காரணம் அவர் உடல்நிலையும் மனநிலையும். அவருக்கு மனச்சோர்வு அடிக்கடி வரும். அந்த நேரத்தில் பெரிய கேன்வாஸ் ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தார்: மீன்பிடிப் படகு ஒன்றைக் குதிரைகள் கரையேற்றும் படம். படம் முடியாதபோது பக்கத்தில் இருப்பவர்களைக் கடித்துக் குதறும் ஓவியர்கள் உண்டு. மோவ் அந்த வகை. வின்சென்ட்டின் முகத்தையும் பேச்சையும் அவர் எதிரிலேயே நடித்துக் கேலி செய்தார். லண்டன் தெருக்களில் மழை இரவுகளையும் பொரினாஜ் சுரங்கப் பகுதியில் குளிர் இரவுகளையும் ஒதுங்க இடமின்றிக் கழித்திருந்தால் உங்கள் முகத்திலும் இப்படிக் கோடுகள் விழுந்திருக்கும், குரலும் கம்மியிருக்கும் என்று வின்சென்ட் பதில் சொன்னார். நியாயமான பதில்.

அடுத்து வந்தது பிளாஸ்டர் சண்டை. கை, கால் போன்ற பிளாஸ்டர் வார்ப்புகளை வைத்து வரைந்து பழகு என்றார் மோவ். ஐரோப்பிய ஓவியக் கல்விக்கூடங்களில் அதுதான் முதல் பாடம்: அசையாத வெள்ளைப் பொருளில் ஒளி நிழலைப் படித்துவிட்டுத்தான் உயிருள்ள மாடலிடம் போக வேண்டும். வின்சென்ட் மறுத்தார். மோவ், எந்தக் கல்விக்கூடத்தின் மோசமான ஆசிரியரும் பேசாத தோரணையில் பேசியதாக அவர் தியோவுக்கு எழுதினார். வீட்டுக்குப் போய் வார்ப்புகளைக் கரித்தொட்டியில் வீசினார், அவை சுக்குநூறாகின. உயிருள்ளவர்களின் கைகளும் கால்களும் உலகில் தீர்ந்துபோய், இந்தத் துண்டுகளும் மீண்டும் ஒட்டி வெள்ளையானால் அப்போது வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். இனிப் பிளாஸ்டர் பற்றிப் பேசாதீர்கள் என்று மோவிடமும் சொல்லிவிட்டார். மோவிடமிருந்து வந்த சிறு கடிதம், இரண்டு மாதத்துக்கு உன் சங்காத்தமே வேண்டாம் என்றது.

இதில் வான்கோ பக்கமே எல்லோரும் நிற்பார்கள், பிற்காலம் அவரைச் சரியென்று காட்டிவிட்டதல்லவா? நான் பாதி தூரம்தான் போவேன். அந்த நாள்களின் வான்கோவின் நீர்வண்ணப் படங்களில் உருவங்களின் விகிதம் தடுமாறுவது கண்கூடு. மோவ் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார். மருந்துதான் பொருந்தவில்லை. ஓஸ்டர்பேக்கில் வெளியில் உட்கார்ந்து வரைந்து தன் பழைய பயிற்சியை உதறியவர், மாணவன் தடுமாறியதும் அந்தப் பழைய பயிற்சியையே நீட்டினார். ஆசிரியர்களுக்குப் பொறுமை தீரும்போது தாங்கள் படித்த விதமே கைக்கு வரும். இதே நேரத்தில் மோவ் அனுப்பிய வைசன்ப்ருக் வந்து படங்களைப் பார்த்து, இவன் நன்றாக வரைகிறான், இவனுடைய பயிற்சிப் படங்களை வைத்து நானே வேலை செய்யலாம் என்றார். அவர் யாரையும் எளிதில் பாராட்டாதவர் என்று பெயரெடுத்தவர்.

மீதிக் காரணம் ஓவியத்துக்கு வெளியே இருந்தது. வின்சென்ட் அப்போது சீன் ஹோர்னிக் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆதரவளித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தாய், பாலியல் தொழிலில் இருந்தவர். ஹேக்கின் கனவான்கள் வட்டத்தில் இது பரவியபின் பல கதவுகள் சாத்தின. தான் முன்பு வேலைபார்த்த கூப்பீல் என்ற கலைப்பொருள் விற்பனை நிறுவனத்தின் ஹேக் கிளை மேலாளர் டெர்ஸ்டேக், மோவின் மனதைக் கலைத்துவிட்டார் என்றும் வின்சென்ட் சந்தேகப்பட்டார். 1882 மே மாதத்தில் மணல்மேடுகளில் இருவரும் எதிரெதிரே சந்தித்தார்கள். என் வேலையை வந்து பாருங்கள், பிறகு பேசுவோம் என்றார் வின்சென்ட். வரவே மாட்டேன், எல்லாம் முடிந்தது என்றார் மோவ். உன் குணமே விஷம் என்றும் சொன்னார். வின்சென்ட் திரும்பித் தனியாக வீட்டுக்கு நடந்தார். 'நான் ஓவியன்' என்று தான் சொன்னதும் மோவுக்குக் கோபம் மூட்டியது என்று எழுதுகிறார். அதைத் திரும்பப் பெறமாட்டாராம். ஏனென்றால் அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு, தேடிக்கொண்டே இருப்பவன், முழுமையாகக் கண்டடையாதவன் என்றுதான் பொருளாம்.

ஆனால் அதே கடிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது. மோவை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்த அந்தப் படகுப் படம், சேற்றிலும் மணலிலும் தலைகுனிந்து நிற்கும் குதிரைகள் படம், வின்சென்ட்டை உலுக்கிவிட்டது. பொறுத்துப்போவது பற்றி நல்ல பிரசங்கம் எதையும் தான் கேட்டதில்லை, மோவின் இந்தப் படத்தையும் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களையும் தவிர, என்று எழுதினார். பிரசங்கியார் ஒருவரின் மகன், தானே பிரசங்கியாக முயன்று தோற்றவர், சொன்ன வார்த்தை இது. மோவும் போதகர் மகன்தான்.

அந்த 1882 ஆகஸ்டில், மோவின் உதவி இல்லாமல், ஸ்கெவனிங்கன் கடற்கரையில் புயல் காற்றில் நின்று வின்சென்ட் ஒரு கடற்காட்சியை வரைந்தார். மணல் பறந்துவந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றும் அதில் மணல் துகள்கள் உண்டு. (2002-இல் வான்கோ அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 2016-இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே மீட்கப்பட்டதே, அந்தப் படம்தான்.) இதையும் மோவின் படகுப் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே கரை, அதே வகையான தட்டையடிப் படகு, அதே சாம்பல் வானம். நிறங்களின் குடும்பம் அப்படியே மோவினுடையது. தூரிகையின் வேகம் மட்டும் வேறு ஆளுடையது. அடுத்த மூன்று ஆண்டுகளும் வான்கோவின் வண்ணத்தட்டு ஹேக் பள்ளியின் மண்நிறங்களைவிட்டு அதிகம் நகரவில்லை. பாரிஸுக்குப் போன பிறகுதான் அது உடைந்தது.

மோவின் பிற்பகுதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880-களில் அவர் ஹேக்கைவிட்டு லாரன் என்ற கிராமத்துக்குப் போனார். ஊதா ஹெதர் பூக்கும் புதர்வெளியும், மேய்ப்பர்களும், ஆட்டுமந்தைகளும் நிறைந்த ஊர். அவர் ஆட்டுமந்தைப் படங்கள் அமெரிக்கப் பணக்காரர்களிடையே பித்துப்போல் பரவின. ஆடுகள் பார்ப்பவரை நோக்கி வரும் படத்துக்கு ஒரு விலை, முதுகைக் காட்டிப் போகும் படத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வியாபாரிகள் பிரித்துச் சொல்வார்களாம். தேவை கூடியதால் அவரும் ஒரே மந்தையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். லாரன் படங்களில் பாதியை நான் விட்டுக்கொடுக்கத் தயார். மீதிப் பாதியில், மழைக்கு முந்திய மாலையில் மண்பாதையும் ஆட்டு முதுகுகளும் ஒரே கம்பளியாக மாறும் இடங்களில், அவருக்கு இணை அந்த நாட்டில் அன்று யாருமில்லை.

1888 பிப்ரவரி 5-இல் ஆர்னெமில் திடீரென்று இறந்தார். வயது 49. அப்போது பாரிஸில் இருந்த வின்சென்ட், இரண்டே வாரத்தில் தெற்கே ஆர்ல் நகருக்குப் போய்விட்டார். பூத்துக் குலுங்கிய பீச் மரங்களை வரைந்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, தங்கை வில் அனுப்பியிருந்த மோவின் இரங்கல் குறிப்பு காத்திருந்தது. வரைந்துகொண்டுவந்த படத்திலேயே 'மோவ் நினைவாக' என்று பிரெஞ்சில் எழுதினார். மோவின் நினைவுக்குரியது எதுவும் மென்மையாகவும் களிப்பாகவும் இருக்க வேண்டும், இழவுத் தொனி கூடாது என்று தியோவுக்கு விளக்கினார். படம் மோவின் மனைவி யெட்டுக்குப் போனது. இப்போது ஓட்டர்லோவில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு முன் உன் குணமே விஷம் என்று சொன்னவருக்கு இந்த அஞ்சலி. இடையில் வின்சென்ட் சமாதானத்துக்கு முயன்றதுண்டு, பலிக்கவில்லை. அந்தப் படத்தில் சாம்பல் நிறமே இல்லை என்பதை மோவ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதைக் கேட்க எனக்கு ஆசை உண்டு.

ஆம்ஸ்டர்டாம் போகும் வாய்ப்பு வந்து, மோவின் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும் 1876-ஆம் ஆண்டின் 'கடற்கரையில் காலைச் சவாரி'யைப் பாருங்கள். முக்கால் மீட்டர்கூட அகலமில்லாத படம். வசதியான மூவர் குதிரையேறி, நமக்கு முதுகைக் காட்டி, மணல்மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறார்கள். மணல் ஏறக்குறைய வெள்ளை. கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம். குதிரைகளின் பளபளக்கும் பின்புறத்தில் வெயில் விழும் இடங்களை மட்டும் சில நிமிடம் பார்த்தால், கால்நடை ஓவியர்களிடம் கற்ற கை, வெளிச்சத்தைப் படிக்கும் கண்ணோடு எப்படிச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். அப்படியே கீழே முன்புறத்துக்கு வாருங்கள். அந்தக் குதிரைகள் போட்டுவிட்டுப் போன சாணம் மணலில் கிடக்கும். கனவான்களுக்கு விற்கும் படம் என்பதற்காக மோவ் அதை விட்டுவிடவில்லை. அதை வரைவதிலும் அதே அக்கறை காட்டியிருக்கிறார். நீங்களும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.